விரலை எடுத்த சேதி

நான் கேட்டது ஒரே ஒரு வரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்தைக் கேட்டுவிட்டு, இவன் ஏதோ ஆட்சியைக் கவிழ்க்கப் போனவன் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் யாயத். பண்டுங் நகரத்தில் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறேன். என் மனைவி எந்தினின் அக்கா நினிங்கை நாங்கள் எல்லாரும் தேத்தே என்றுதான் கூப்பிடுவோம். அக்கா என்று அர்த்தம். தேத்தே சிபாதாக் சந்தையில் பத்தாகோர் பொரித்து விற்கிறவர். மீனும் டோஃபுவும் எண்ணெயில் கொதிக்கிற சத்தத்தையும் மீறி, தெருக்கோடியில் போகிறவனை ஒரே கூப்பாட்டில் கடைக்கு இழுத்துவிடுவார். போன வருஷம் தொண்டையில் கட்டி என்று கத்தி வைத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று.

அவருக்காக ஒரு பேசும் பலகை செய்து கொடுத்தேன். பெரிய பெரிய பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால், வங்கியில் டோக்கன் கூப்பிடுகிற பெண்ணின் குரலில் கணினி பேசும். "தண்ணி", "வேணாம்", "காரம் போடவா?", "சம்மதம்." தேத்தே தானே கேட்டு வைத்துக்கொண்ட பொத்தானும் ஒன்று உண்டு: "யாயத், நீ ஒரு மண்டு." அதுதான் சீக்கிரம் தேய்ந்தது.

திரையில் ஜன்னல் திறக்க, எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, சுட்டி எங்கே நகர்ந்தது என்று தெரிந்துகொள்ள, என்னைப் போன்றவர்கள் எல்லாரும் ஜெண்டேலா என்ற நிரல் நூலகத்தைத்தான் நம்பியிருக்கிறோம். உலகத்தில் மூன்று வகைக் கணினிகள் உண்டு, மூன்றும் மூன்று பாஷை பேசும். ஜெண்டேலாவிடம் ஒரு தடவை சொன்னால் போதும், அது மூன்றுக்கும் புரியும்படி சொல்லிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம், காசு கிடையாது. நல்ல விஷயம்தான். நல்ல விஷயம் எதுவும் எங்கள் ஊரில் மன்றம் இல்லாமல் இருக்க விடமாட்டார்கள்.

ஜெண்டேலாவில் ஒரு ஓட்டை இருந்தது. பொத்தானை அழுத்தினால் 'அழுத்தினார்' என்று நமக்கு ஒரு சேதி வரும். விரலை எடுத்தால் 'எடுத்தார்' என்று இன்னொரு சேதி. நடுவில் 'பேட்டரி குறைவு' மாதிரி ஏதாவது ஒரு ஜன்னல் குதித்து முன்னால் வந்துவிட்டால், இரண்டாவது சேதி நம்மிடம் வராது. கணினியைப் பொறுத்தவரை விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருக்கும். தேத்தே ஒரு வாய் தண்ணீர் கேட்டால் பலகை "தண்ணி தண்ணி தண்ணி தண்ணி" என்று அக்கம்பக்கம் எல்லாம் செம்பு தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவரைக்கும் கத்தும். வேறு பொத்தானை அழுத்தினால் பழையது நிற்கும்படி நான் ஒரு ஒட்டுப் போட்டு வைத்திருந்தேன். ஒட்டு ஒட்டுதானே.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தேத்தேயின் மகள் மெலாத்தியைப் பெண் கேட்டு காருத் என்ற ஊரிலிருந்து வருவதாக நாள் குறித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். பெண் வீட்டுப் பெரியவர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மெலாத்திக்கு அப்பா இல்லை. அப்பாவின் அண்ணன் தர்மாடி இருக்கிறார். ஊவா, அதாவது பெரியப்பா. அவர் பேச எழுந்தால் சோறு ஆறிப்போகும். "உங்கம்மாவுக்கு வாய் இல்ல, நான் பேசிக்கிறேன்" என்று அவர் மெலாத்தியிடம் சொன்ன அன்று தேத்தே பலகையில் "வேணாம்" பொத்தானைக் கையை ஓங்கி அடித்தார். என் மகளுக்கு நான்தான் சம்மதம் சொல்வேன் என்பது அதற்கு அர்த்தம். அந்த நேரம் பார்த்து பேட்டரி குறைவு என்று ஜன்னல் குதித்தது. வேணாம் வேணாம் வேணாம். ஊவா விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு மனசே ஆறவில்லை.

எந்தின் கேட்டாள், "யார் வேணா திருத்திக்கலாம்னு நீதானே சொன்ன? நீயே அந்த ஒரு வரியைப் போட்டுக்கயேன்."

"நம்ம இஷ்டத்துக்கு எப்படிப் போடறது? பெரியவங்க இருக்காங்க, ஒரு வார்த்தை கேட்டுச் செய்யணும். சங்கடமா இருக்காது?"

தேத்தே தேய்ந்த பொத்தானை அழுத்தினார். நான் பொருட்படுத்தவில்லை.

ஜெண்டேலா மன்றத்துக்கு மனு எழுதினேன், வரச் சொன்னார்கள். மன்றம் டாகோ பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே சுவர் நீளத்துக்குத் துணிப் பதாகை: 'சகோதரர் யாயத்தின் பொத்தான் விஷயம் பற்றிய பூர்வாங்கக் கலந்துரையாடலுக்கு நல்வரவு.' என் பெயர் சின்னதாக, தலைவர் படம் பெரிதாக. தலைவர் பேராசிரியர் முனைவர் பொறியாளர் ஹாஜி ருஸ்வாண்டி. அத்தனை பட்டத்துக்கும் இடம் விட்டதில் பதாகை சுவரைத் தாண்டி, அறையில் இருந்த ஒரே ஜன்னலையும் மூடியிருந்தது.

முதலில் தேசிய கீதம். பிறகு பிரார்த்தனை. வரவேற்புக் குழுத் தலைவரின் வரவேற்புரை, அவரை வரவேற்று இன்னொருவர் உரை. ஆளுக்கொரு அட்டைப் பெட்டியில் லெம்பெர் சோற்றுருண்டை, பொரித்த ரிசோலெஸ், கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாய். தின்று முடித்ததும் எல்லாரும் எழுந்து நின்று கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். அதோடு கூட்டம் முடிந்தது என்று கிளம்பினவர்களை வாசலில் மறித்து, என் விஷயத்தைச் சொன்னேன்.

பெண்ணுக்கு இபு, ஆணுக்கு பாக், அதுதான் எங்கள் ஊர் மரியாதை. பொத்தான் பிரிவுத் தலைவி இபு லிலிஸ் பரிவோடு கேட்டார். "அழுத்தினது எங்க பிரிவு, ஒத்துக்கறேன். ஆனா ஜன்னல் பின்னாடி போனதாலதானே பிரச்சினை? அது கோமார் பாக்கோட பிரிவு."

ஜன்னல் பிரிவுத் தலைவர் பாக் கோமார் மிளகாயைக் கடித்தபடி சொன்னார். "எங்க ஜன்னல் ஒழுங்காத்தான் பின்னாடி போகுது தம்பி. முன்னாடி வா, பின்னாடி போ, ரெண்டும் சுத்தம். விரல் எங்க இருக்குன்னு ஜன்னல் எதுக்கு வேவு பாக்கணும்?"

"சரி, பொத்தான் அழுத்தியிருக்கறப்பவே ஜன்னல் பின்னாடி போனா, அது யாரோட பிரிவு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷக்கணக்காக அடுத்தடுத்த அறையில் இருக்கிறவர்கள். நடுவில் ஒரு நடை இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது. நடைக்கு ஒரு துணைக்குழு போடுவதாக முடிவாயிற்று.

அடுத்த தடவை போனபோது வாசலில் மலர் வளையங்கள். யாரோ போய்விட்டார்கள் என்று பதறிப்போய்த் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஒரு கட்டளைக்குப் பணி நிறைவு விழா. 'ஜன்னல் திற' என்ற பழைய கட்டளைக்கு வயதாகிவிட்டதாம். அதற்குப் பதிலாக 'ஜன்னல் திற இரண்டு' வந்து, அதுவும் சரியில்லாமல் 'ஜன்னல் திற இரண்டு புதிது' வந்து, இப்போது 'ஜன்னல் திற இரண்டு புதிது நிஜம்' பொறுப்பேற்கிறது.

மேடையில் கண்ணாடிக் கேடயத்தை யார் கையில் கொடுப்பது என்று கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, தலைவரே தனக்குத் தந்துகொண்டார்.

"ஓய்வு பெற்ற கட்டளை இனிமே வேலை செய்யாதா பாக்?" என்று பக்கத்தில் இருந்த கோமாரிடம் கேட்டேன்.

"அது எப்படி? எல்லாம் செய்யும். ஓய்வுக்கு அப்புறம்தான் நிம்மதியா வேலை செய்யும். யாராவது கூப்பிட்டா மட்டும், 'நான் ஓய்வு பெற்றுவிட்டேன், தெரியுமா?'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யும்."

"அப்ப புதுசு எதுக்கு?"

"புதுசு பழசைக் கூப்பிடும்."

மூன்றாவது கூட்டத்தில் என் விஷயம் நிஜமாகவே எடுக்கப்பட்டது. அன்று ஒரு உண்மை வெளிவந்தது. மூன்று வகைக் கணினிகளில் இரண்டில்தான் இந்த ஓட்டை. மூன்றாவதில் 'எடுத்தார்' என்கிற சேதி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எனக்கு அது முன்பே தெரியும். இந்தக் கூட்டங்களுக்கு நடுவில் தேத்தேக்கு அவசரத்துக்கு அந்த மூன்றாம் வகைக் கணினி ஒன்றைத்தான் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்திருந்தேன். பலகை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தடவை பேசியது. வீடே நிம்மதியாக இருந்தது.

தலைவர் ருஸ்வாண்டி முகம் சிவந்துவிட்டது. "ஒருத்தனுக்குச் சேதி வருது, ரெண்டு பேருக்கு வரல. இதுவா சமத்துவம்? ஜெண்டேலாவோட முதல் கொள்கை என்ன? எல்லா எந்திரமும் ஒண்ணு. சரியா இருந்தா எல்லாத்துலயும் சரியா இருக்கணும். தப்பா இருந்தா எல்லாத்துலயும் தப்பா இருக்கணும். இந்த ஏற்றத்தாழ்வை இன்னைக்கே ஒழிக்கணும்."

எனக்குப் புல்லரித்தது. கையைத் தட்டினேன். அட, நான்தான் முதலில் தட்டினேன்.

மறுவாரமே புதிய வெளியீடு வந்தது, எல்லாக் கணினியிலும் தானாகவே ஏறிக்கொண்டது. மூன்றாவது வகையிலும் சேதியை நிறுத்திவிட்டார்கள். இரண்டைத் திருத்துவதைவிட ஒன்றைக் கெடுப்பது சுலபம் என்று குறிப்பு வேறு. காலையில் தேத்தே "காரம் போடவா?" என்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டதும் வைஃபை ஜன்னல் குதித்தது. அந்த மனுஷன் "போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பலகை கேட்டுக்கொண்டே இருந்தது, தேத்தே கரண்டியைப் போட்டுவிட்டு வேறு பொத்தானைத் தேடுவதற்குள் தட்டை வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

"இதான் நீ கேட்டு வாங்கிட்டு வந்த நியாயமா?" என்றாள் எந்தின். தேத்தே பொத்தானைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பொத்தானையே அழுத்தியிருக்கலாம்.

விறுவிறுவென்று மன்றத்துக்குப் போனேன். "பாக், ஒரே வரி. மூணுலயும் போட்டுடுங்க. காருத்துலேருந்து ஆளுங்க வர்ற நாள் நெருங்கிடுச்சு."

ருஸ்வாண்டி என் தோளில் கை போட்டார். "போட்டுடலாம் யாயத். ஆனா ஒரு மாற்றம் வந்தா அதால பாதிக்கப்படறவங்க யார்னு பாக்கணுமே. இந்த ஓட்டையை நம்பி யாராவது நிரல் எழுதியிருந்தா, அவங்க கதி?"

"இந்த ஓட்டையை நம்பி யார் பாக் எழுதுவாங்க?"

இபு லிலிஸ் திரையைத் திருப்பிக் காட்டினார். தேடிப் பார்த்ததில் ஒருவர் அகப்பட்டாராம். பலகை நிரலில் ஒரு ஒட்டு. சேதி வராது என்று நம்பிப் போடப்பட்ட ஒட்டு. சேதி திடீரென்று வந்தால் ஒட்டு குழம்பிவிடும். எழுதியவர் பெயர் யாயத்.

"இபு, அது நான்தான். ஒட்டை நானே பிச்சுப் போட்டுடறேன்."

"நீங்க மனு கொடுத்தவர்," என்றார் லிலிஸ் இன்னும் பரிவாக. "பாதிக்கப்படறவர் சார்பா நீங்க பேசினா நல்லா இருக்குமா?"

அடுத்த கூட்டத்தில் எனக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் 'மனுதாரர்', மற்றதில் 'பாதிக்கப்படும் சமூகம்'. இரண்டுக்கும் தனித்தனிப் பலகாரப் பெட்டி. மன்றத்தில் வாக்கெடுப்பு என்கிற அநாகரிகம் கிடையாது. பேசிப் பேசி இரு தரப்பும் ஒருமனதாக வேண்டும். ஆகவே நான் என்னோடு பேசி ஒருமனதாக வேண்டும்.

மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கோமார் கொட்டாவி விட்டார். எழுந்து இரண்டாவது நாற்காலிக்குப் போனேன். உடனே தேநீர் வந்தது. மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்கள்.

"சமூகம் என்ன சொல்லுது?" என்று தலைவர் குழைந்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு சீக்கிரமாவா? பயப்படாமச் சொல்லுங்க. அவர் உங்களை மிரட்டினாரா?"

"எவர்?"

அவர் காலியாக இருந்த முதல் நாற்காலியைக் கண்ணால் காட்டினார்.

"அவர் நான்தான் பாக்!"

"பாருங்க," என்று சபையைப் பார்த்துச் சொன்னார் தலைவர், "எவ்வளவு தூரம் மனசைக் கலைச்சிருக்கார்."

சொன்னால் நம்பமாட்டீர்கள். கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சூடாகத் தேநீர் குடித்து, எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், எனக்கே அந்த முதல் நாற்காலிக்காரன் மேல் லேசாகச் சந்தேகம் வந்தது. என்ன அவசரம் இவனுக்கு என்று தோன்றியது. கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. அடுத்த தடவை, பாதிக்கப்படும் சமூகத்திலிருந்து யாருடைய நிழலும் படாத ஒருவரை அழைத்து வரச் சொன்னார்கள்.

தேத்தேயையே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் கடைக்குப் போகிற ஏப்ரனோடு வந்து, இரண்டாவது நாற்காலியில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்தார். ருஸ்வாண்டி உருகினார். "நாங்க எதையும் அவசரப்பட்டுச் செய்யறதில்ல அம்மா. அவசரப்பட்டிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும். அப்புறம் மன்றம் எதுக்கு? நீங்களே சொல்லுங்க, இந்த மாற்றத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?"

தேத்தே பொத்தானை அழுத்தினார். அதே நொடியில் மன்றத்தின் வைஃபை அவர் கணினியைக் கண்டுபிடித்து, 'நல்வரவு' என்று தலைவர் படத்தோடு ஒரு ஜன்னலைத் திரையில் விரித்தது.

"சம்மதம். சம்மதம். சம்மதம். சம்மதம்."

நான் வேறு பொத்தானை அழுத்தக் கை நீட்டினேன். தேத்தே என் கையில் பட்டென்று ஒன்று வைத்தார். கண்ணில் பழைய சந்தைக் குறும்பு. இவர்கள் எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அறையில் யாருக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகங்கள் மலர்ந்தன. மன்றம் தொடங்கிய நாளிலிருந்து எதிலும் ஒருமனது வந்ததில்லை. எப்போதும் யாராவது ஒருவர் 'ஆனால்' என்று ஆரம்பிப்பார். இப்போது ஆனால் சொல்ல இடைவெளியே இல்லை.

"மாற்றம் ஏற்கப்பட்டது!" என்றார் தலைவர். சம்மதம், என்றது பலகை. "நடைத் துணைக்குழுவுக்குத் தனி அறை?" சம்மதம். "பதாகையை இன்னும் அகலமா?" சம்மதம். "என் பதவிக்காலத்தைக் காலவரையறை இல்லாம நீட்டிக்கறது?" சம்மதம், சம்மதம். கோமார் லிலிஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிற்று. என் வரி ஜெயித்துவிட்டதே!

ருஸ்வாண்டி எழுந்து முடிவுரை ஆற்றினார்.

"நண்பர்களே, இப்படி ஒரு ஒற்றுமையை நாம பார்த்ததில்ல. இதைக் கொடுத்தது எது? இந்தப் பொத்தான். பொத்தானுக்கு இந்தச் சக்தியைக் கொடுத்தது எது? அந்த ஓட்டை. அதைப் போய் அடைச்சுட்டா, நாளைக்கு நமக்கு யார் சம்மதம் சொல்வாங்க? இனிமே இந்த ஓட்டையை நம்பித்தான் மன்றம் நடக்கப் போகுது. ஆகவே இந்த மாற்றத்தால பாதிக்கப்படற சமூகம், நாமளேதான். மாற்றத்தைத் திரும்பப் பெறலாமா?"

"சம்மதம்," என்றது பலகை.

தேத்தேக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து வேறு பொத்தானை அழுத்தினார். "வேணாம்." சுத்தமாக, ஒரே ஒரு தடவை.

தலைவர் கருணையோடு சிரித்தார். "நாங்க வாக்கு எண்ணறதில்ல அம்மா. ஆனாலும் சம்மதம் எத்தனை, வேணாம் எத்தனைன்னு சபை காதாரக் கேட்டுச்சு." எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து ஆங்கோட் வண்டிக்குக் காத்திருந்தோம். தேத்தே பலகையைத் திறந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தி, பொத்தானில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் செய்தார். அந்த வங்கிக் குரல் சொன்னது: "வரியை எழுத உனக்குத் தெரியாதா, தைரியம்தான் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஜெண்டேலாவின் ஒரு பிரதியை எடுத்து, அந்த வரியைப் போட்டேன். என் ஒட்டைப் பிய்த்து எறிந்தேன். எந்தின் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. "இதுக்கா இத்தனை நாள் ரிசோலெஸ் தின்னுட்டு வந்த?" என்றாள்.

காருத்திலிருந்து மூன்று வண்டியில் வந்தார்கள். டோடோல் இனிப்புத் தட்டுகள், பழத் தட்டுகள், கூடம் நிறைந்துவிட்டது. அவர்கள் பக்கத்துப் பெரியவர் நீட்டி முழக்கிப் பெண் கேட்டார். ஊவா தர்மாடி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். அதற்குள் தேத்தே பலகையை மடியில் எடுத்து வைத்து, மெலாத்தியைப் பார்த்து, அழுத்தினார்.

அழுத்தின விரல் அழுத்தினபடி இருக்கும்போதே பேட்டரி குறைவு ஜன்னல் குதித்தது.

"சம்மதம்."

பிறகு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் பழக்கதோஷத்தில் அடுத்த சம்மதத்துக்குக் காத்திருந்தார்கள். வரவில்லை.

ஊவா இதுதான் சமயம் என்று எழுந்தார். "எந்திரம் நின்னுபோச்சு போல. என் தம்பி சம்சாரம் என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

தேத்தே அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேட்டரி ஜன்னலை நிதானமாக மூடினார். மெலாத்தியின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் அதே பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

"சம்மதம்."

ஊவா உட்கார்ந்தார். நான் பதறிப்போய்க் கணினியை எட்டிப் பார்த்தேன். அதில் கோளாறு எதுவும் இல்லை. தேத்தேக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்திருக்கிறது.